வானத்துப் பூதக் கண்ணாடி

2025-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 7-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை இரவு ஒரு சந்திர கிரகணம் நடந்தது. நடந்தது என்று நாம் சொல்லுவதற்குக் காரணம், அது பீடிப்பதோ, விழுங்குவதோ, தோஷம் இறங்குவதோ அல்ல என்பதேயாகும். அன்றிரவு 9 மணி 57 நிமிஷத்துக்குப் பூமியின் கருநிழல் சந்திரனைத் தொட்டது. 82 நிமிஷ நேரம் முழுவதையும் மூடியிருந்தது. நள்ளிரவு கழிந்து 1 மணி 26 நிமிஷத்துக்கு விலகிப் போயிற்று. இந்த நேரங்களெல்லாம் பல வருஷங்களுக்கு முன்பே கணக்குப் போட்டு அச்சிடப்பட்டவை. எந்தப் புரோகிதரும் மந்திரம் சொல்லி நிழலை ஒரு நொடி முன்னே தள்ளவுமில்லை, பின்னே இழுக்கவுமில்லை.

ஆனால் சென்னை தியாகராய நகரில் நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்த சங்கதி வேறு. அந்த வீட்டு மருமகள் ஏழு மாதக் கர்ப்பிணி. ஒன்பது மணிக்கே அந்தப் பெண்ணை ஓர் அறையில் விட்டு, ஜன்னலை மூடி, திரையையும் இழுத்துவிட்டார்கள். கிரகணம் முடியும் வரையில் ஒரு வாய் தண்ணீர் கூடாது, கத்தரிக்கோலைத் தொடக் கூடாது, நிலா வெளிச்சம் மேலே படக்கூடாது என்று உத்தரவு. செப்டம்பர் மாதத்துச் சென்னைப் புழுக்கத்தை நாம் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நான்கரை மணி நேரம் அந்தப் பெண் தாகத்தோடு இருந்தாள். அந்த வீட்டின் எஜமானர் நமது நண்பர். படித்தவர், பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், நமது பத்திரிகையையும் வாரந்தோறும் வாங்கிப் படிப்பவர். இதை நாம் வேண்டுமென்றேதான் சொல்லுகிறோம். ஏனென்றால் பாமர மக்கள்தான் இப்படிச் செய்கிறார்கள் என்று சொல்லித் தப்பித்துக் கொள்ளுவது நம்மவர்களுக்கு ஒரு வழக்கமாய்ப் போய்விட்டது.

சில நாள் கழித்து, பனகல் பூங்காவுக்கு அருகில் ஒரு காப்பி ஓட்டலில் அவரைச் சந்தித்தோம். விரலில் ஒரு நீலக்கல் மோதிரம். சனி பகவானுக்கு என்றார். தியாகராயச் செட்டியார் பேரால் ஏற்பட்ட நகரம், பனகல் அரசர் பேரால் ஏற்பட்ட பூங்கா, 1929-ல் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாட்டுக்குத் தலைமை வகித்த சௌந்தரபாண்டியனார் பேரால் வழங்கும் கடைவீதி. இந்த மூன்றுக்கும் நடுவில்தான் சனிக்குக் கல் விற்கும் கடைகளும் நடக்கின்றன. போகட்டும். கிரகணத்தைப் பற்றி நாம் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் நம்மை மடக்கினார். அவர் சொன்னதாவது:

“ஐயா, கண்ணுக்குத் தெரியாத கடவுளை நம்பாதே, கண்ணுக்குத் தெரியாத ராகுவை நம்பாதே என்று நீங்கள் எழுதுகிறீர்கள். ஆனால் உங்கள் விஞ்ஞானிகளோ உலகத்திலுள்ள பொருளில் பெரும் பங்கு கண்ணுக்கே தெரியாது, அதற்கு இருட்பொருள் என்று பேர் என்கிறார்கள். அது இன்னதென்று அவர்களுக்கே தெரியாதாம். அப்படியிருக்க, அவர்கள் சொல்லும் தெரியாத பொருள் மட்டும் பகுத்தறிவு, எங்கள் தெரியாத பொருள் மட்டும் மூடநம்பிக்கையா?”

கேள்வி நல்ல கேள்வி. இதைக் கேட்டு ஓட்டலில் பக்கத்து மேஜையிலிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். விஞ்ஞானிகள் சொல்லிவிட்டார்கள், ஆகவே நம்பு என்று நாம் பதில் சொல்லியிருந்தால், சாஸ்திரத்தில் சொல்லியிருக்கிறது, ஆகவே நம்பு என்கிறவருக்கும் நமக்கும் பூணூலைத் தவிர வேறு வித்தியாசம் இருந்திராது. நம்மவர்களில் பலர் மேடையில் இந்த மாதிரிதான் பேசி வருகிறார்கள் என்பதையும் நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆதலால் அவருக்குச் சொன்ன பதிலைச் சற்று விரிவாகவே இங்கு எழுதுகிறோம்.

தெரியாத ஒரு பொருள் இருக்கிறதென்று எப்படிக் கண்டுபிடிப்பது? தீபாவளிக்கு முந்தின வாரம் ரங்கநாதன் தெருவில் ஒரு கடையின் மூன்றாவது மாடியிலிருந்து கீழே பார்த்தவர்களுக்கு இது சுலபமாய் விளங்கும். தலைகள்தான் தெரியும். அந்தத் தலைகள் ஆற்று வெள்ளம் போல் ஒரே போக்காய்ப் போய்க்கொண்டிருக்கும். ஓரிடத்தில் மட்டும் எல்லாத் தலைகளும் வளைந்து, சுற்றி, மறுபடி ஒன்றுசேர்ந்து போகும். அந்த இடத்தில் ஒரு தள்ளுவண்டியோ, விழுந்துவிட்ட ஒரு மூட்டையோ கிடக்கிறது என்று மாடியிலிருப்பவன் வண்டியைப் பார்க்காமலே சொல்லிவிடுவான். எவ்வளவு அகலமான வண்டி என்றுகூடச் சொல்லுவான். இதற்கு ஞானதிருஷ்டி வேண்டியதில்லை.

வானத்தில் ஜனங்களுக்குப் பதில் ஒளி. ஒளி நேர்க்கோட்டில் போகும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கனமான ஒரு வஸ்துவின் பக்கத்தில் வரும்போது, அந்த வஸ்து தன்னைச் சுற்றியுள்ள இடத்தையே வளைத்து வைத்திருப்பதால், ஒளியும் வளைந்து போக வேண்டும் என்று ஐன்ஸ்டீன் 1915-ல் கணக்குப் போட்டார். சூரியனை ஒட்டி வரும் நட்சத்திர ஒளி எவ்வளவு வளையும் என்பதற்கும் அளவு சொன்னார். ஒரு டிகிரியை 3600 பங்காக வெட்டினால் அதில் ஒன்றே முக்கால் பங்கு. பனகல் பூங்காவில் நின்றுகொண்டு, சைதாப்பேட்டையில் ஒருவர் கையில் பிடித்திருக்கும் ஒரு ரூபாய் நாணயத்தைப் பார்த்தால் அதன் அகலம் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான். நியூட்டன் காலத்துக் கணக்குப்படி பார்த்தால் இதில் பாதிதான் வரும். ஆகவே யார் கணக்குச் சரி என்பது அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். தப்பாய்ப் போனால் ஐன்ஸ்டீன் கொள்கை குப்பைத் தொட்டிக்குப் போக வேண்டியதுதான். இந்த மாதிரி, இன்ன அளவு, இன்ன இடத்தில், தப்பினால் என் பேச்சு பொய் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த சோதிடர் ஒருவரை நண்பர்கள் காட்டினால் நாம் அவருக்கும் மரியாதை செய்யத் தயாராக இருக்கிறோம்.

பகலில் சூரியனுக்குப் பக்கத்தில் நட்சத்திரத்தைப் பார்க்க முடியாதே, என்ன செய்வது? அதற்குத்தான் கிரகணம். நம்மவர்கள் கதவைச் சாத்திக்கொள்ளும் அதே சூரிய கிரகணத்துக்காக, 1919-ம் வருஷம் மே மாதம் 29-ந் தேதி எடிங்டன் என்பவர் ஆப்பிரிக்காவுக்கு மேற்கேயுள்ள பிரின்சிபே தீவுக்குக் கப்பல் ஏறிப் போனார். இன்னொரு கோஷ்டி பிரேசில் தேசத்துச் சோப்ராலுக்குப் போயிற்று. படம் பிடித்தார்கள், அளந்தார்கள், அந்த வருஷம் நவம்பர் 6-ந் தேதி லண்டனில் ஐன்ஸ்டீன் கணக்கே சரி என்று அறிவித்தார்கள்.

அதோடு விட்டுவிடவில்லை என்பதைத்தான் நாம் முக்கியமாய்ச் சொல்ல வருகிறோம். ஒருவர் அளந்தது போதாது என்று 1922-ம் வருஷம் செப்டம்பர் 21-ந் தேதி கிரகணத்துக்கு மறுபடியும் பல கோஷ்டிகள் மேற்கு ஆஸ்திரேலியாவில் வல்லால் என்ற கடற்கரைக்குப் போயின. அதில் ஒரு கோஷ்டி நமது கோடைக்கானல் வானாராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தது. தியாகராய நகருக்கு அடுத்த நுங்கம்பாக்கத்தில் 1792-ல் ஏற்பட்ட வானாராய்ச்சிக் கூடத்தின் வேலைதான் 1899-ல் கோடைக்கானல் மலைக்குப் போயிற்று. அந்தப் பழைய கூடத்தின் கருங்கல் தூண், தமிழிலும் எழுத்து வெட்டியது, இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை ஆபீஸ் காம்பவுண்டில் நிற்கிறது. கோடைக்கானலின் தலைவராயிருந்த எவர்ஷெட் தமது கருவிகளோடு சமுத்திரம் தாண்டிப் போனார். கருவி ஒத்துழைக்கவில்லை. எதற்காகப் போனாரோ அந்த அளவு கிடைக்கவில்லை. வெறுங்கையோடு திரும்பினார். அமெரிக்காவிலிருந்து வந்திருந்த காம்பெல் கோஷ்டிக்கு நல்ல படங்கள் கிடைத்தன, கணக்கும் ஐன்ஸ்டீனுக்கு ஒத்தே வந்தது.

கோடைக்கானல்காரர்கள் என்ன செய்திருக்கலாம்? எங்களுக்கும் சரியாய்த்தான் வந்தது என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். இந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போய் யார் பார்க்கப் போகிறார்கள்? அப்படி எழுதவில்லை. முடியவில்லை என்று எழுதினார்கள். நமது நாட்டில் யாகம் செய்து மழை வராமற்போன புரோகிதர் யாராவது, என் மந்திரம் பலிக்கவில்லை, பணத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னதுண்டா? செய்தவனுக்குச் சிரத்தை போதாது, தட்சிணை குறைவு, தர்ப்பை உலர்ந்துவிட்டது என்பார்களே தவிர மந்திரத்தின் மேல் குற்றம் வராது. தோற்கவே முடியாத கொள்கைக்கு ருஜு என்ற பேச்சே கிடையாது. இதை நண்பரிடம் சொன்னபோது அவர் மோதிரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக்கொண்டார்.

நிற்க. சூரியன் ஒளியை நாணயத்தின் அகலம் வளைக்கிறதென்றால், கோடி கோடி சூரியன்கள் சேர்ந்த ஒரு பெருங்கூட்டம் எவ்வளவு வளைக்கும்? கண்ணாடி வில்லை ஒளியை வளைத்துத்தான் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. அதே வேலையை வானத்தில் கனமான பொருள்கள் செய்ய வேண்டும். ஒரு நட்சத்திரம் இந்த மாதிரி வில்லையாக வேலை செய்வதை நேரில் பார்க்க முடியும் என்ற நம்பிக்கையே இல்லை என்று ஐன்ஸ்டீன் 1936-ல் எழுதினார். அடுத்த வருஷமே சுவிக்கி என்ற மற்றொருவர், தனி நட்சத்திரத்தை விடுங்கள், நட்சத்திர மண்டலங்கள் வில்லையாக வேலை செய்வதைப் பார்க்கலாம் என்று எழுதினார். சுவிக்கி கேட்பதற்கு முரடர், சண்டைக்காரர் என்று பேர் வாங்கியவர். ஆனாலும் அவர் பேச்சுத்தான் பலித்தது. 1979-ல் வானத்தில் ஒரே வஸ்து இரண்டாய்த் தெரிவதைக் கண்டுபிடித்தார்கள். நடுவிலிருந்த ஒரு மண்டலம் அதன் ஒளியை இரு பக்கமும் வளைத்து இரண்டு பிம்பம் காட்டியிருக்கிறது. ஐன்ஸ்டீன் சந்தேகப்பட்டாரே, மகான் வாக்குப் பொய்க்கலாமா என்று யாரும் அழவில்லை.

பூதக் கண்ணாடி என்று தமிழில் ஒரு நல்ல பேர் இருக்கிறது. சின்ன எழுத்தைப் பூதம் போல் பெரிதாக்குவதால் அந்தப் பேர் வந்தது போலும். நமது நாட்டில் பூதம் என்று பேர் வைத்தவற்றில் இதுவரை மனிதனுக்கு உபயோகமாயிருந்தது இந்தக் கண்ணாடி ஒன்றுதான். வானத்துப் பூதக் கண்ணாடி எப்படிப்பட்டதென்றால், நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான நட்சத்திர மண்டலங்கள் ஒரு கொத்தாய்ச் சேர்ந்தது. ஒரு மண்டலத்திலேயே பல ஆயிரம் கோடி நட்சத்திரங்கள் உண்டு. அந்தக் கொத்துக்கு நேர் பின்னால், அதைவிட எத்தனையோ தூரத்தில் இருக்கும் மண்டலங்களின் ஒளி, கொத்தைத் தாண்டி வரும்போது வளைந்து, பெருத்து, பிறை பிறையாகவும் வில் வில்லாகவும் நமக்குத் தெரிகிறது. கண்ணாடித் தம்ளரின் அடி வழியாகப் பத்திரிகை எழுத்தைப் பார்த்தால் எழுத்து வளைந்து தெரிவது போல.

இப்போது இருட்பொருளுக்கு வருவோம். பாண்டி பஜாரில் அனுபவமுள்ள ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைக்காரரிடம் உங்கள் பழைய கண்ணாடியைக் கொடுத்தால், அதைக் கையில் தூக்கிப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டி, எதிரே இருக்கும் கோடு எவ்வளவு நகருகிறது என்று பார்த்தே, இன்ன பவர் என்று சொல்லிவிடுவார். வில்லைக்குள் புகுந்து பார்க்கத் தேவையில்லை. வானத்துக் கொத்துக்கும் அதே வழிதான். பின்னாலுள்ள மண்டலங்கள் எவ்வளவு வளைந்து தெரிகின்றன என்று அளந்தால், வளைத்த கொத்தின் மொத்த எடை தெரிந்துபோகிறது. அந்த எடையையும், கொத்தில் நாம் பார்க்கக்கூடிய நட்சத்திரம், சூடான வாயு எல்லாவற்றின் எடையையும் ஒப்பிட்டுப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. நூறு பங்கு எடையில் பதினைந்து பங்குக்குத்தான் கண்ணுக்குத் தெரியும் சாமான் இருக்கிறது. பாக்கி 85 பங்கு ஒளி விடாமல், ஒளியை மறைக்காமலும், எடை மட்டும் உள்ளதாக இருக்கிறது. இதற்கு வெகு காலத்துக்கு முன்பே, 1933-ல், அதே சுவிக்கி வேறு வழியாக, ஒரு கொத்தில் மண்டலங்கள் ஓடும் வேகத்தைக் கொண்டு, தெரியாத பொருள் நிறைய இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். இரண்டு வழிகளும் வேறு, விடை ஒன்று.

அதாவது, விஞ்ஞானிகள் இருட்பொருளை நம்பிக் கும்பிடவில்லை. தராசில் நிறுத்துப் பார்த்து, எடை கூடுதலாய் இருக்கிறதே, சாக்குக்குள் வேறு ஏதோ இருக்கிறதே என்கிறார்கள். அது என்ன என்று தெரியவில்லை என்பதையும் அவர்களே சொல்லுகிறார்கள். நமது நண்பர் கண்ட கடவுளுக்கு எடை என்ன, எந்த ஒளியை எவ்வளவு வளைத்தார் என்று கேட்டால், அதுவெல்லாம் அளவுக்கு அப்பாற்பட்டது என்கிறார். அளவுக்கு அப்பாற்பட்டதற்கு மட்டும் ஆறு காலப் பூஜையும், அர்ச்சனைச் சீட்டு விலையும் அளவாய் எப்படித் தெரிந்தது என்று நாம் கேட்கிறோம்.

இந்த எடை போடும் வேலையில் பேர் பெற்றவர்களில் ஒருவர் கோயம்புத்தூரில் பிறந்த ஒரு பெண்மணி. பிரியம்வதா நடராஜன் என்று பேர். டில்லியில் வளர்ந்து, இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் படித்து, அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையில் பேராசிரியராக இருப்பவர். கொத்துகளில் இருட்பொருள் எங்கெங்கே எவ்வளவு படிந்திருக்கிறது என்று, சர்வே இலாகாவார் நிலத்துக்குப் படம் போடுவது போல் படம் போட்டவர். 2020-ல் இவரும் இத்தாலியைச் சேர்ந்த மெனிகெட்டி முதலானவர்களும் 11 கொத்துகளை ஆராய்ந்து ஒரு விஷயம் வெளியிட்டார்கள். கொத்துக்குள் இருக்கும் சின்னச் சின்ன வில்லைகள், இருட்பொருள் கொள்கைப்படி யந்திரக் கணக்கில் வரவேண்டிய அளவுக்குப் பத்து மடங்குக்கு மேல் இருக்கின்றனவாம். ஒன்று கணக்குப் போட்ட முறையில் தப்பு, அல்லது இருட்பொருளைப் பற்றி நாம் நினைத்ததிலேயே தப்பு என்று அவர்களே எழுதினார்கள். தம்முடைய கடையின் சரக்கில் கோளாறு இருக்கிறதென்று தாமே தெருவில் நின்று கூவுகிறவர்களை நண்பர் வேறு எந்தத் தொழிலில் பார்த்திருக்கிறார்?

அடுத்தபடியாக, இந்தப் பூதக் கண்ணாடி வழியாக என்னதான் தெரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

மிகத் தூரத்திலிருந்து வரும் ஒளி புறப்பட்ட மாதிரியே வந்து சேருவதில்லை. உலகம் விரிந்துகொண்டே போவதால், ரப்பரில் வரைந்த கோடு ரப்பரை இழுக்க நீளுவது போல், ஒளியின் அலையும் வழியிலேயே நீண்டுவிடுகிறது. நீண்டால் சிவப்பாகும், இன்னும் நீண்டால் சிவப்பையும் தாண்டிக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கிரணமாகிவிடும். அடுப்பிலிருந்து கையை எட்டவைத்தும் சூடு தெரிகிறதே, அந்த ஜாதிக் கிரணம். (ஜாதி என்ற சொல்லை இங்கே மட்டும் மன்னிக்கலாம்.) இதைப் பூமியிலிருந்து பார்ப்பது, அடுப்புக்குள் உட்கார்ந்துகொண்டு பக்கத்து வீட்டு அடுப்பில் சூடு எவ்வளவு என்று பார்ப்பது போலாகும். ஆகவே 2021-ம் வருஷம் டிசம்பர் மாதம் 25-ந் தேதி ஜேம்ஸ் வெப் என்ற தூரதிருஷ்டிக் கண்ணாடியை ராக்கெட்டில் ஏற்றி, சந்திரனுக்கும் நாலு மடங்கு தூரத்தில், 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தார்கள். 18 துண்டுகளாய்ச் செய்து தங்கம் பூசிய, ஆறரை மீட்டர் அகலமுள்ள கண்ணாடி அது. வெயில் படாமலிருக்க ஐந்து மடிப்புக் குடை. அந்தக் குடை நிழலில் கண்ணாடி பூஜ்யத்துக்கு 220 டிகிரிக்கும் கீழே குளிர்ந்து கிடக்கிறது. தியாகராய நகரில் அக்ஷய திருதியைக்கு வரிசையில் நின்று வாங்கும் தங்கத்தையும் இதையும் நாம் ஒப்பிடப் போவதில்லை. தங்கம் அகச்சிவப்புக் கிரணத்தை நன்றாய்த் திருப்பிவிடும் என்பதற்காகப் பூசினார்கள், அவ்வளவுதான்.

இதோடு சேர்ந்து வேலை செய்தது இன்னொரு கருவி. எக்ஸ் கிரணத்தைப் பார்ப்பது, 1999 ஜூலை 23-ந் தேதி மேலே அனுப்பப்பட்டது. அதற்குப் பேர் சந்திரா. மயிலாப்பூரில் வளர்ந்து, திருவல்லிக்கேணி இந்து ஹைஸ்கூலிலும் பிரசிடென்ஸி கல்லூரியிலும் படித்த சந்திரசேகரின் பேர். அவர் 1930-ல், இன்னும் இருபது வயது ஆகாத காலத்தில், சீமைக்குக் கப்பலில் போகும்போதே, அணையப்போகும் நட்சத்திரம் சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் கனமாயிருந்தால் வெள்ளைக் குள்ளனாக நிலைத்து நிற்க முடியாது, மேலும் சரிந்தே போகும் என்று கணக்குப் போட்டார்.

1935-ம் வருஷம் ஜனவரி 11-ந் தேதி லண்டனில் அதை அவர் எடுத்துச் சொன்னபோது, எழுந்து நின்று கேலி செய்தவர் யாரென்றால், கிரகணத்தில் ஒளியை அளந்த அதே எடிங்டன்தான்! எடிங்டன் அப்போது பெரிய மனிதர். சபை அவர் பக்கம் சிரித்தது. தனியே பேசும்போது சந்திரசேகர் சொல்வது சரி என்று ஒப்புக்கொண்டவர்கள்கூட வெளியில் வாயைத் திறக்கவில்லை. ஆகவே, விஞ்ஞானிகள் எல்லாம் யோக்கியர்கள், அவர்களுக்கு ஆணவம், பெரியவர் பயம், கோஷ்டி எதுவும் கிடையாது என்று நாம் சொல்ல வரவில்லை. எல்லாம் உண்டு. ஆனால் எடிங்டன் சிரித்ததால் நட்சத்திரம் தன் சுபாவத்தை மாற்றிக்கொள்ளவில்லை. கணக்கு காகிதத்தில் இருந்தது. யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம், போட்டுப் பார்த்தார்கள். 1983-ல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு வந்தது. 48 வருஷம் ஆயிற்று என்பது வெட்கக்கேடுதான்.

ஜேம்ஸ் வெப்பும் சந்திராவும் ஏபெல் 2744 என்ற கொத்தை நோக்கிப் பார்த்தன. அது 350 கோடி ஒளி வருஷ தூரத்தில் உள்ளது. ஒளி வருஷம் என்பது, நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளி ஒரு வருஷம் ஓடும் தூரம். அந்தக் கொத்தாகிய பூதக் கண்ணாடிக்குப் பின்னால், சுமார் நாலு மடங்கு பெருக்கிக் காட்டப்பட்டு, ஒரு சின்ன மங்கல் புள்ளி. யுஎச்இசட்1 என்று அதற்கு நம்பர் கொடுத்திருக்கிறார்கள். அதன் ஒளி புறப்பட்டு 1320 கோடி வருஷம் ஆகிறது. அப்போது உலகத்துக்கே வயது 47 கோடி வருஷந்தான். அந்தக் குழந்தை மண்டலத்தின் நடுவில் ஒரு கருந்துளை வாயுவை விழுங்கிக்கொண்டிருக்கிறது என்று சந்திரா காட்டிற்று. அதன் எடை ஒரு கோடி முதல் பத்துக் கோடி சூரியன் வரையில் என்று மதிப்பிட்டார்கள். நம் பக்கத்திலுள்ள மண்டலங்களில் நடுக் கருந்துளையின் எடை, அதன் நட்சத்திரங்களின் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். இங்கேயோ துளையும் நட்சத்திரமும் ஏறக்குறையச் சமம். பிறந்த குழந்தைக்குத் தாத்தா எடை!

ஒரு நட்சத்திரம் செத்துக் கருந்துளையாகி, கொஞ்சம் கொஞ்சமாய்த் தின்று இவ்வளவு பெருக்க அந்த 47 கோடி வருஷம் போதாது. பெரிய வாயு மேகமே நட்சத்திரமாகாமல் நேரே சரிந்து பெரிய கருந்துளையாகப் பிறந்திருக்கலாம் என்று பிரியம்வதா நடராஜனும் அவர் கூட்டத்தாரும் முன்பே எழுதி, அப்படியானால் ஜேம்ஸ் வெப்பில் அது இன்னவிதமாய்த் தெரியும் என்று 2017-ல், அந்தக் கருவி மேலே போவதற்கு நாலு வருஷத்துக்கு முன்பே, அச்சில் போட்டுவிட்டார்கள். 2023 நவம்பரில் இந்தப் புள்ளியைப் பற்றிய செய்தி வந்தது. அந்த அம்மையார் எழுதினதற்கு ஒத்திருந்தது. ஒரே ஒரு புள்ளியைக் கொண்டு வழக்குத் தீர்ந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை, இன்னும் பல அகப்பட வேண்டும்.

சந்திரசேகரும் எடிங்டனும் பெல்லோவாக இருந்த கேம்பிரிட்ஜ் திரினிட்டி கல்லூரியில் இந்த அம்மையாரும் பெல்லோவாக இருந்தவர் என்பதை நண்பரிடம் சொன்னோம். நமது சாஸ்திரங்களின்படி பார்த்தால் ஒரு பெண்பிள்ளை வேதத்தைக் காதால் கேட்கவும் தகுதியில்லாதவள். சூத்திரன் கேட்டால் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொல்லியிருக்கிறது. சந்திராவும் ஜேம்ஸ் வெப்பும் பிடித்த படங்களையும் கணக்குகளையும், சில நாள் அல்லது ஒரு வருஷத் தவணைக்குப் பின், உலகத்தில் எவரும் எடுத்துப் பார்க்கலாம், தப்புக் கண்டுபிடித்து எழுதலாம். ஈயம் காய்ச்சுவாரில்லை.

நண்பர் இவ்வளவையும் கேட்டுவிட்டு, “இதெல்லாம் நம் பெரியவர்களுக்கு அப்போதே தெரியும்” என்றார். இந்தப் பேச்சுக்கு நாம் அதிக நேரம் செலவிடுவதில்லை. ஆனால் ஒன்று உண்மை. கிரகணம் நிழலால் உண்டாவது என்று ஆரியபட்டர் 499-ம் வருஷ வாக்கில் செய்த நூலிலேயே எழுதியிருக்கிறார். பஞ்சாங்கக்காரர்கள் கிரகண நேரத்தை ராகு எத்தனை மணிக்குப் பசியெடுத்து வருவான் என்று விசாரித்து எழுதுவதில்லை. நிழற்கணக்குப் போட்டுத்தான் எழுதுகிறார்கள். அதாவது, கணக்குப் போடுவதற்கு நிழல், காசு வாங்குவதற்கு ராகு. பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது என்றால், தெரிந்ததற்கு விரோதமாய் உங்கள் வீட்டு மருமகளை ஏன் தண்ணீரில்லாமல் பூட்டி வைத்தீர்கள் என்று கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து, “வீட்டிலே பெண்டுகள் கேட்கமாட்டார்கள்” என்றார். நம்மவர்கள் எல்லோருக்கும் கடைசியில் இந்தப் பெண்டுகள்தான் கேடயம். அன்று காவல் உட்கார்ந்தது அவர்தான் என்பது நமக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போயிருந்தோம். இதே விஷயத்தை அவருடைய மனைவியார், மருமகள் இருவருக்கும், தம்ளரையும் பத்திரிகையையும் வைத்துக் காட்டிச் சொன்னோம். அம்மையார் பாதியில் அடுப்படிக்கு எழுந்து போய்விட்டார். அந்தப் பெண் மட்டும் தம்ளரைக் கையில் வாங்கி வெகுநேரம் எழுத்தின் மேல் நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “அந்தக் கோயம்புத்தூர் அம்மா பத்து மடங்கு தப்பு என்று அவர்களே எழுதிக் கொடுத்தார்களே, அதற்குப் பிறகு அவர்களை வேலையில் வைத்திருந்தார்களா?” என்று கேட்டாள்.

வைத்திருந்தார்கள், அடுத்த கணக்கையும் அவர்களிடமே கேட்டார்கள் என்று சொன்னோம்.